கிணற்றுப் பம்பும் குழாய்களும்

கிணற்றில் நீர் இருக்கிறது. கரையில் மோட்டார் ஓடுகிறது. மின்சாரமும் தடையின்றி வருகிறது. ஆயினும் வாய்க்காலில் விழும் நீர் விரற்கடை அளவுக்கு மேல் இல்லை. இந்த நிலையில் ஓர் உழவர் என்ன முடிவுக்கு வருவார்? மோட்டாருக்கு வலுப் போதவில்லை என்றே முடிவு கட்டுவார். வீட்டு நகையை அடகு வைத்தேனும் பெரிய மோட்டார் ஒன்றை வாங்கிப் பூட்டுவார். பூட்டிய பிறகும் நீர் கூடவில்லை, முன்னிலும் குறைந்தது என்றால் அவர் மனம் என்ன பாடுபடும்!

இது கற்பனையன்று. கோயம்புத்தூர் மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் நான் நேரில் கண்டது. பங்குனி மாதம், வாழை குலை தள்ளும் பருவம். ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரும் அதற்குரிய பம்பும் கழற்றப்பட்டுக் கொட்டகையின் மூலையில் கிடந்தன. ஏழரைக் குதிரைச் சக்தியுள்ள புதிய பம்பு செட்டு கிணற்று மேட்டில் பெரும் ஓசையுடன் ஓடிக்கொண்டிருந்தது. "கைக்கெட்டினது வாய்க்கெட்டலீங்களே" என்றார் அந்தப் பெரியவர். சோதித்துப் பார்த்தோம். புதிய மோட்டாரில் குறை இல்லை. பழைய மோட்டாரிலும் குறை இருந்ததில்லை. குறை முழுவதும் கிணற்று நீருக்கும் பம்புக்கும் இடையே இருந்த குழாயில் இருந்தது. அந்தக் குழாயைப் பற்றியே இன்று மிகுதியாகப் பேச விரும்புகிறேன்.

நம் முன்னோர் கமலை கட்டி நீர் இறைத்தார்கள். சால் கிணற்றுக்குள் இறங்கும், நீரை முகக்கும், எருதுகள் வடத்தை இழுக்க மேலேறி வரும். எருதுக்கு வலு எவ்வளவோ அவ்வளவு ஆழத்திலிருந்து நீரை இழுக்கலாம். இந்தக் காட்சி நம் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. பம்பு வந்த பிறகும், அது குழாய் வழியே கைநீட்டி நீரைப் பற்றி இழுக்கிறது என்றே நாம் எண்ணுகிறோம். அக்குழாய்க்கு 'உறிஞ்சு குழாய்' என்று பெயர் வைத்ததும் அந்த எண்ணத்தை வளர்த்துவிட்டது. உண்மை யாதெனில், மையவிலக்குப் பம்பு கிணற்று நீரை இழுப்பதே இல்லை.

பம்பின் கூட்டுக்குள் இம்பெல்லர் என்னும் சக்கரம் ஒன்று இருக்கிறது. வளைந்த இதழ்களையுடைய அச்சக்கரம் நிமிடத்திற்கு 1,440 அல்லது 2,880 முறை போன்ற வேகத்தில் சுழலும்போது, நடுவிலுள்ள நீர் விளிம்பை நோக்கி வீசப்படுகிறது. குடை நனைந்திருக்கையில் அதன் காம்பைச் சுழற்றினால் துளிகள் சிதறுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே செயல்தான். வீசப்பட்ட நீர் கூட்டின் சுற்றறையில் வேகம் தணிந்து, அழுத்தம் பெற்று, மேற்குழாயில் ஏறுகிறது. நீர் வெளியேறிய சக்கரத்தின் நடுவிடத்தில் அழுத்தம் குறைகிறது. அப்போது கிணற்று நீரின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம் அந்த நீரைக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. பம்பின் வேலை, வரும் நீருக்கு இடங்கொடுப்பது. வந்ததை மேலே அனுப்புவது. கிணற்றிலிருந்து பம்பு வரையில் நீரைக் கொணர்வது காற்றின் கனமே.

காற்றின் கனத்திற்கு ஓர் எல்லை உண்டு. இத்தாலி நாட்டில் பம்பு செய்வோர், தங்கள் கருவி பதினெட்டு முழத்திற்கு மேல் நீரை ஏற்றுவதில்லை என்பதைக் கண்டிருந்தனர். இச்செய்தியைக் கலீலியோ 1638ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் குறிப்பிடுகிறார். நீர்க்கம்பம் தன் பாரத்தாலேயே கயிறுபோல் அறுந்துவிடுகிறது என்று அவர் கருதினார். கமலை வடத்தை மனத்தில் கொண்டவர் போலும்! அவருடைய சீடர் டாரிசெல்லிதான் 1640களில் பாதரசத்தைக் கொண்டு உண்மையை விளக்கினார். காற்றின் அழுத்தம் 76 செண்டிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கும். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு கனமானது. ஆகவே அதே அழுத்தம் ஏறத்தாழ 34 அடி உயர நீரைத் தாங்கும். அதற்குமேல் ஓர் அடியும் ஏற்றாது. பத்துக் குதிரைச் சக்தி மோட்டார் வைத்தாலும் ஏற்றாது. நூறு வைத்தாலும் ஏற்றாது.

இந்த 34 அடியும் கடலோரத்துக் கணக்கு. உயரமான ஊர்களில் காற்று மெலிந்திருக்கும். கோயம்புத்தூரில் இது 32 அடியளவாகக் குறைகிறது. உதகமண்டலத்தில் 26 அடிக்குள் அடங்கிவிடுகிறது. இதை ஒரு வருமானம் என்று வைத்துக்கொண்டு செலவுக் கணக்கு எழுதிப் பார்ப்போம். கோயம்புத்தூர்ப் பக்கத்து உழவருக்கு இயற்கை அளித்தது 32 அடி. வெயில் நாளில் நீர் தானே ஆவியாக முயல்வதால் அதற்கு ஓர் ஒன்றரை அடி போகிறது. பம்பின் வாயில் நீர் நுழையும்போது நுரைத்து ஆவியாகாமல் இருக்க, பம்பு தனக்கென்று ஓர் எட்டு ஒன்பது அடியை இருப்பாகக் கேட்கும். இந்த அளவு பம்புக்குப் பம்பு வேறுபடும். தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் அது குறிக்கப்பட்டிருக்கும். எஞ்சுவது 22 அடி. நீரின் மட்டத்திலிருந்து பம்பு வரையுள்ள உயரமும், குழாயில் நீர் உராய்ந்து இழக்கும் அழுத்தமும் ஆகிய இரண்டும் இந்த 22 அடிக்குள் முடிந்தாக வேண்டும்.

நம் பெரியவரின் கிணற்றில் பங்குனி மாதத்து நீர்மட்டம் பம்புக்கு 18 அடி கீழே இருந்தது. அப்படியானால் குழாய்க்கென்று மிஞ்சியது நான்கே அடி. அவருடைய குழாயோ இரண்டரை அங்குலக் குழாய். பம்பின் வாய் எந்த அளவோ அந்த அளவுக் குழாயையே போட்டால் போதும் என்று பொருத்தியவர் சொல்லிவிட்டாராம். நொடிக்கு 10 லிட்டர் நீர், 30 அடி நீளமுள்ள இரண்டரை அங்குலக் குழாய் வழியே வருமானால், புட்வால்வையும் ஒரு வளைவையும் சேர்த்து ஏறத்தாழ 9 அடி அழுத்தம் உராய்விலேயே தீர்ந்துபோகும். அதே நீர் நான்கு அங்குலக் குழாயில் வந்தால் இழப்பு ஒன்றரை அடிதான். விட்டம் இரட்டித்தால் உராய்வு ஏறத்தாழ முப்பத்திரண்டில் ஒரு பங்காகக் குறையும் என்பது குழாய்களின் இயல்பு. நான்கு அடி வைத்திருப்பவர் ஒன்பது அடி செலவழித்தால் கடன்தானே? அந்தக் கடனைப் பம்பு தன் இருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

பெரிய பம்பு வந்ததும் நிலைமை இன்னும் கெட்டது. நீரின் வேகம் ஒன்றரை மடங்கானால் உராய்வு இரண்டேகால் மடங்காகும். அந்தப் பெரும் ஓசைக்கும் காரணம் அதுவே. அழுத்தம் மிகவும் குறைந்த இடத்தில் நீர் கொதிக்காமலே கொப்புளங்களாக ஆவியாகிறது. அக்கொப்புளங்கள் இம்பெல்லரின் இதழ்களில் மோதி உடையும்போது, கூட்டுக்குள் கூழாங்கற்கள் உருள்வது போன்ற ஓசை எழும். சில மாதங்களில் இதழ்கள் அம்மை வடுப் பட்டதுபோல் அரிக்கப்பட்டுவிடும். கூழாங்கல் ஓசை கேட்கும் பம்பு வலுப் போதாமல் முனகுவதில்லை. தனக்கு வரவேண்டிய நீர் வரவில்லை என்று முறையிடுகிறது.

ஆகவே பம்பை எங்கே வைப்பது என்பதே முதற்கேள்வி. நீருக்கு எவ்வளவு அருகில் வைக்க இயலுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். கார்த்திகையில் கிணறு நிறைந்திருக்கும்போது அளந்து பார்த்துப் பம்பை நிறுத்துவோர் சித்திரையில் ஏமாறுகிறார்கள். கோடையில் சில மணி நேரம் இறைத்த பிறகு மட்டம் எங்கே நிற்கிறதோ அதுவே நம் அளவு. அந்த மட்டத்திற்கும் பம்புக்கும் 15 அடி இருந்தால் நன்று. 20 அடி கடைசி எல்லை. மட்டம் அதற்கும் கீழே போகும் கிணறுகளில், பாறையைச் செதுக்கி உள்ளே ஒரு திட்டு அமைத்துப் பம்பை அதில் வைப்பது கொங்கு நாட்டில் பழகிய வழக்கம். மேலே ஏற்றும் உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அது மோட்டாரின் பொறுப்பு. கீழேயுள்ள உயரம்தான் காற்றின் பொறுப்பு. ஆழ்துளைக் கிணற்றில் நீர்மூழ்கிப் பம்பு நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்து நீரை அனுப்புவது எவ்வாறு என்று கேட்கலாம். அது நீருக்கு உள்ளேயே இருந்துகொண்டு மேலே தள்ளுகிறது. அதற்கு உறிஞ்சு குழாயே இல்லை. திறந்த கிணற்றிலும் ஆற்றோரத்திலும் வாய்க்கால் கரையிலும் நிற்கும் பம்புக்கே இந்தக் கணக்கெல்லாம்.

திட்டைப் பற்றிச் சொன்னபோதே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். எண்ணெய் என்ஜினை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டக்கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. என்ஜினைப் பார்க்க இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார், மூன்றாமவரும் விழுவார். ஒரே குடும்பத்தில் ஒருவர்பின் ஒருவராக இறங்கி மாண்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். ஒருவர் கிணற்றில் மயங்கி விழுந்தால், வெறுங்கையோடு யாரும் உடனே இறங்கலாகாது. தீயணைப்பு நிலையத்திற்குச் சொல்லியனுப்புவதே அவரையும் காக்கும் வழி, மற்றவரையும் காக்கும் வழி.

இனி உறிஞ்சு குழாயின் அமைப்பு. அது குட்டையாக இருக்க வேண்டும், அகலமாக இருக்க வேண்டும், நேராக இருக்க வேண்டும். பம்பின் வாயைவிடக் குழாய் ஓர் அளவு பெரியதாக இருப்பதே முறை. வளைவு தவிர்க்க முடியாததானால் ஒன்றோடு நிறுத்தி, குறுகிய முழங்கை போடாமல் நீண்ட வளைவாகப் போடவேண்டும். அவ்வளைவும் பம்பின் வாயை ஒட்டி வரலாகாது. இடையே ஒன்றிரண்டு அடி நேர்க்குழாய் இருந்தால் நீர் அமைதியாக நுழையும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்று உண்டு. புட்வால்விலிருந்து பம்பு வரையில் குழாய் தொடர்ந்து மேல்நோக்கியே வரவேண்டும். கிடையாக வரும் பகுதியும் பம்பை நோக்கிச் சற்று ஏறியே இருக்கவேண்டும். நடுவில் ஒரு கூனல் இருந்தால் நீரிலிருந்து பிரியும் காற்று அங்கே போய்த் தங்கிவிடும். தங்கிய காற்று வழியை அடைக்கும்; நாளடைவில் நீரோட்டத்தையே அறுத்துவிடும். 'ஏர் பிடித்துவிட்டது' என்று நம் உழவர் சொல்வது இதைத்தான். நம் பெரியவரின் கிணற்றுக்கு இடுப்பளவு கைப்பிடிச் சுவர் ஒன்று இருந்தது. சுவரை உடைக்க மனமின்றிக் குழாயை அதன்மேல் ஏற்றி, மறுபுறம் இறக்கிப் பம்பில் மாட்டியிருந்தார்கள். சுவரின் தலையில், பம்பைவிட உயரத்தில், குழாய் ஒட்டகத்தின் முதுகுபோல் வளைந்து நின்றது. அந்த முதுகில் குடியிருந்த காற்றுக்கு எத்தனைக் குதிரைச் சக்தி கொடுத்து என்ன பயன்?

பெரிய குழாயைப் பம்பின் சிறிய வாயோடு சேர்க்கும் குறுக்கியிலும் இந்தக் கூனல் மறைந்திருக்கும். இருபுறமும் சமமாகக் குறுகும் குறுக்கியைக் கிடைக்குழாயில் வைத்தால் அதன் மேற்புறத்தில் காற்று தங்கும். மேற்புறம் மட்டமாகவும் கீழ்ப்புறம் மட்டும் சரிந்தும் உள்ள குறுக்கியே வேண்டும். கடையில் கேட்டு வாங்குவோர் சிலரே. வாங்கியவரிலும் அதைத் தலைகீழாக மாட்டியவரைப் பார்த்திருக்கிறேன்.

இணைப்புகளில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் போதும், கெடுதல் உண்டாகும். மேற்குழாயில் ஓட்டை இருந்தால் நீர் ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சு குழாயில் நீர் ஒழுகாது, வெளிக்காற்று உள்ளே நுழையும், கண்ணுக்குத் தெரியாது. சைக்கிள் டியூபைக் கிழித்து இணைப்பின்மேல் சுற்றியிருப்பதைப் பல தோட்டங்களில் காணலாம். நோயை அறிந்து செய்த வைத்தியந்தான். ஆனால் நெடுநாள் தாங்காது. பிளாஞ்சுகளுக்கு இடையே முழு ரப்பர் வாசர் வைத்து, எதிரெதிர் போல்ட்டுகளாகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். பம்பு ஓடும்போது இணைப்பைச் சுற்றிச் சோப்பு நுரையைத் தடவினால், ஓட்டை உள்ள இடத்தில் நுரை உள்ளே இழுபடும். பிளாஸ்டிக் குழாய் போடுவோர் மெல்லிய குழாயைப் போடலாகாது. உள்ளே அழுத்தம் குறையும்போது வெளிக்காற்று அதை நசுக்கிவிடும்.

குழாயின் அடியில் இருப்பது புட்வால்வு. பம்பு நிற்கும்போது குழாயிலுள்ள நீர் கிணற்றுக்குத் திரும்பாமல் தடுக்கும் கதவு அது. மையவிலக்குப் பம்பு நீர் நிறைந்திருந்தால்தான் வேலை செய்யும். காற்று நிறைந்த கூட்டில் இம்பெல்லர் எவ்வளவு சுழன்றாலும், காற்று நீரைவிட எண்ணூறு மடங்கு இலேசானதால், கிணற்று நீரை வரவழைக்கப் போதிய வெற்றிடம் உண்டாகாது. அதனால்தான் ஓட்டுவதற்கு முன் நீர் ஊற்றி நிரப்புகிறோம். புட்வால்வின் தோலோ ரப்பரோ தேய்ந்துவிட்டால் ஊற்றிய நீர் நில்லாது. அப்போது சாணத்தைக் கரைத்து ஊற்றுவது நம் வழக்கம். சாணத்தின் நார் கசிவில் போய் அடைத்துக்கொள்ளும். அன்றைய பொழுது ஓடிவிடும். அறிவுள்ள முறை என்றே சொல்வேன். ஆனால் அதைத் தினந்தோறும் செய்யவேண்டி வந்தால், வால்வை மேலே எடுத்துப் பார்க்கும் காலம் வந்துவிட்டது என்று பொருள். புட்வால்வு கிணற்றின் தரையிலிருந்து ஓரடிக்கு மேல் தள்ளி நிற்கவேண்டும். இல்லையேல் சேறும் மணலும் வரும். கோடை மட்டத்திற்கு மூன்றடியேனும் கீழே மூழ்கியிருக்க வேண்டும். இல்லையேல் நீரில் சுழி விழுந்து அதன் வழியே காற்றுப் புகும்.

பம்பு நிற்கும் மேடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கான்கிரீட் மேடை, பம்பும் மோட்டாரும் அதிராமல் தாங்கும் கனத்தோடு இருக்கவேண்டும். போல்ட்டுக்குழிகளை விட்டு வார்த்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகே அக்குழிகளை நிரப்பவேண்டும். பம்பும் மோட்டாரும் ஒரே தண்டில் அமைந்த மோனோபிளாக் ஆனால் இணைப்பைப் பற்றிய தொல்லை இல்லை. இரண்டும் தனித்தனியாக இருந்து கப்ளிங்கால் சேர்க்கப்பட்டால், இரண்டின் தண்டுகளும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று இரும்புச் சட்டத்தை வைத்து நான்கு புறமும் பார்க்கவேண்டும். குழாயின் பாரம் பம்பின்மேல் விழலாகாது. குழாய்க்குத் தனியே தாங்கி கொடுங்கள். பிளாஞ்சுகள் ஒன்றோடொன்று தாமே பொருந்தி வரவேண்டும். போல்ட்டைக் கொண்டு இழுத்துப் பொருத்தினால் பம்பின் கூடு திருகிக்கொள்ளும். பேரிங்குகள் விரைவில் போகும்.

மேற்குழாயில் பம்பை அடுத்து ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும், அதற்கு மேல் ஒரு கேட் வால்வும் இருப்பது நன்று. குழாய் நீண்டதாயின், மோட்டார் திடீரென்று நிற்கும்போது திரும்பும் நீரின் மோதலைப் பம்புக்கு வராமல் தடுப்பது அந்த முதல் வால்வே. கேட் வால்வை மூடிவைத்து மோட்டாரை ஓடவிட்டுப் பிறகு மெல்லத் திறந்தால் மோட்டாருக்குச் சுமை குறைவு. மூடியபடியே நெடுநேரம் ஓட்டினால் கூட்டுக்குள் நீர் சூடேறிவிடும்.

மேற்குழாயின் முனையைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தொட்டிக்கு மேலே மூன்றடி உயரத்தில் குழாயைத் திருப்பி, நீர் வில்போல் வளைந்து விழும்படி அமைப்பது நம்மவர்க்குப் பெருமை. பார்க்க அழகுதான். நொடிக்கு 10 லிட்டர் இறைக்கும் பம்பு, நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால், அந்த மூன்றடி அழகுக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் மின்சாரம் செலவாகிறது. தமிழ்நாட்டில் உழவுக்கு மின்சாரம் இலவசமாதலின் இச்செலவு எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. நீரின் அளவிலே குறைந்துபோகிறது. மின்சாரம் வரும் நேரமோ அளவானது. குழாயின் முனையைத் தொட்டியின் நீர்மட்டத்திற்குத் தாழ்த்திவிட்டால் அதே நேரத்தில் கூடுதல் நீர் கிடைக்கும்.

மும்முனை மின்சாரத்தில் ஓடும் மோட்டாரை முதன்முதலாக ஓட்டும்போது, ஒரு கணம் போட்டு நிறுத்தி, கூட்டின்மேல் வரைந்துள்ள அம்புக்குறியின் பக்கமாகச் சுழல்கிறதா என்று பார்க்கவேண்டும். எதிர்ப்புறமாகச் சுழன்றாலும் பம்பு கொஞ்சம் நீர் தரும். அதனால் பலர் பிழையை அறிவதில்லை. மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை மின்பணியாளரைக் கொண்டு மாற்றிவிட்டால் சரியாகும். ஈரமான தரையில் நின்று தொடும் இயந்திரமாதலால், எர்த்துக் கம்பியும் மின்கசிவை அறிந்து தானே துண்டிக்கும் சுவிட்சும் இல்லாமல் பம்பை ஓட்டவே கூடாது. தண்டைச் சுற்றிக் கயிறு அடைத்துள்ள இடத்தில் துளித்துளியாக நீர் சொட்டுவதைக் கண்டு, அதைக் குறையென்று எண்ணி முழுவதும் முடுக்கிவிடுகிறார்கள். அந்தச் சொட்டு இருக்கவேண்டும். அதுதான் தண்டைக் குளிர்விக்கிறது.

வாழைத்தோட்டத்துப் பெரியவரின் கதைக்கு வருவோம். கைப்பிடிச் சுவரில் குழாய் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டோம். ஒட்டக முதுகு போயிற்று. இரண்டரை அங்குலக் குழாயை எடுத்துவிட்டு நான்கு அங்குலக் குழாயை, கிணற்றிலிருந்து சற்றே ஏறி வரும்படி போட்டோம். மட்டமான முதுகுள்ள குறுக்கி ஒன்றைத் தேடி வாங்கினோம். ஏழரைக் குதிரைச் சக்திப் பம்பைக் கழற்றி, கொட்டகையில் கிடந்த பழைய ஐந்து குதிரைச் சக்திப் பம்பையே மீண்டும் மேடையில் ஏற்றினோம். நீர் நிரப்பி ஓடவிட்டபோது கூழாங்கல் ஓசை கேட்கவில்லை. குழாய் நிறைய நீர் வந்தது. பெரியவர் தொட்டியருகே போய்க் கையை நீரில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பிறகு, புதிய மோட்டாரை விற்றவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று என்னிடம் கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை.